அண்ணன் பேரில் இருந்த லைன்

மருத்துவர் சொன்ன முதல் வாக்கியம், கட்டி இருக்கிறது என்பது. இரண்டாவது வாக்கியம், அது புற்று இல்லை என்பது. இரண்டுக்கும் நடுவில் லைன் நின்றுவிட்டது.

சின்னவள் தன் அறையில், கருநீலத் துணி தொங்கவிட்ட சுவருக்கு முன்னால், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் அலுவலகம். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போனால் அங்கே ஒரு திரையில் அவள் முகம் தோன்றும். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கையால் சொல்வாள். அவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். வீட்டில் இரண்டு பிள்ளைகளில் இளையவள் என்பதால் சின்னவள். நாற்பதை எட்டிப்பிடிக்கப் போகிற வயதிலும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரப் பெண், துணைக்கு யாருமில்லாமல் வந்திருந்தாள். சின்னவள் மார்பருகே முஷ்டியை வைத்து 'கட்டி' என்று காட்டிய நொடியில் படம் உறைந்தது. மருத்துவரின் குரல் துண்டு துண்டாக வந்தது. பிறகு அதுவும் இல்லை. மோடத்தில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாகி, அணைந்து, மறுபடி சிவப்பானது. அவள் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். செல்போனிலிருந்து இணைக்கப் பார்த்தாள். அந்த அறையில் செல்போனுக்குச் சிக்னல் என்றைக்குமே ஒழுங்காக இருந்ததில்லை. ஒருவழியாக லைன் திரும்பியபோது தையல்காரப் பெண் நாற்காலியில் குறுகி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அவளுக்கு முன்னால் இருந்தது, மார்பில் முஷ்டி வைத்து அசையாமல் நின்ற சின்னவளின் படம். மருத்துவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்ட நிம்மதியில் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மீதியைச் சின்னவள் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் சிரித்தாள், கும்பிட்டாள், மறுபடி அழுதாள். சற்று நேரத்தில் ஏஜென்சியின் மேற்பார்வையாளர் அழைத்தார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"இது ரெண்டாவது தடவைங்க. ஆஸ்பத்திரில வருத்தப்பட்டாங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா உங்களுக்கு வேலை போட என்னால முடியாது. லைனைச் சரி பண்ணுங்க."

சமையலறையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை செய்து, கணவன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக ஆளாக்கியவள். அவள் சொல்வதெல்லாம் கையால் சொல்வதுதான். கதையில் மட்டும் வாயால் சொன்னதுபோல எழுத வேண்டியிருக்கிறது.

மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையில் கத்தி இருந்தால் பேச முடியாதே.

"என்ன ஆச்சு?"

ஆஸ்பத்திரியில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "லைன் நின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

"நேத்து எனக்கும் நின்னுச்சு. அவ வாயைத் திறந்தபடியே நின்னா. தூங்கிட்டாளோன்னு நினைச்சேன்."

அம்மாவுக்கு மத்தியான நேரத்தில் அச்சகத்துப் பழைய தோழிகள் மூன்று பேரோடு பேச்சு. எல்லாருமே காது கேளாதவர்கள். திரையில் நாலு கட்டம், நாலு ஜோடிக் கை. ஊர்வம்பு முழுக்க அந்த நாலு கட்டத்தில் ஓடும். மற்றவர்களுக்கு டெலிபோன் எப்படியோ அப்படி அவர்களுக்கு இந்த லைன். கை நடுவழியில் உறைந்துபோனால் பாதிச் சொல் போய்விடும். யார் மருமகளை யார் திட்டினார்கள் என்பதே மாறிப்போய், அதனால் ஒரு மாசம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

லைனுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. 'எங்கள் அன்புக்குரிய பழைய வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கும். அதே லைன், அதே வேகம், இன்னும் இரண்டு வருஷம். இதற்குள் தெருவில் வேகமான ஃபைபர் லைன் போட்டு, மேல்மாடிக்காரர்கள் வாங்கியும் விட்டார்கள். அன்று சாயங்காலம் சின்னவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். அவர்கள் லைனில் அம்மா ஒரு தோழியைக் கூப்பிட்டுப் பேசினாள். பேசிவிட்டுத் திரும்பி வரும்போது மாடிப்படியில் நின்று சொன்னாள்:

"அவ மோதிரம் மாத்திட்டா. இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்ல."

ஆனாலும் மாற்றுவது என்றால் நாலு யோசனை வரத்தான் செய்தது. சுவரைத் துளைக்க வேண்டும். பழையது நின்று புதியது வருவதற்குள் நாலைந்து நாள் இடைவெளி விழுந்தால் வேலை போச்சு. புதுக் கம்பெனி மட்டும் யோக்கியமா என்று யார் கண்டது? இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். விளம்பரத்தில் போடுகிற வேகமெல்லாம் நமக்கு வந்து சேருகிற வேகம், நம்மிடமிருந்து போகிற வேகத்தை எவனும் வாயால் சொல்வதில்லை என்று சின்னவள் விளக்கினாள். படம் பார்க்கிறவனுக்கு வருவது போதும். கையால் பேசுகிறவளுக்குப் போக வேண்டும்.

"மாத்திடலாம்" என்றாள் அம்மா.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். லைன் அவன் பேர்ல இருக்கு."

அம்மாவின் முகம் சுண்டியது. "வீடு என்னுது. மாசாமாசம் கட்டறது நான். பேரு மட்டும் ஏன் அவனுது?"

காரணம் அம்மாவுக்கும் தெரியும். முதன்முதலில் லைன் போட்டபோது, வாடிக்கையாளர் போனில் பேசி உறுதி சொல்ல வேண்டும் என்றார்கள். அம்மாவால் முடியாது. அப்போது சின்னவள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். "எதுக்கு வம்பு, என் பேர்லயே போட்டுடறேன்" என்று அண்ணன் போட்டுக்கொண்டான். பிறகு கல்யாணம் ஆகி, தனி வீடு போய், அங்கே தனக்கென்று நல்ல லைனாகவே வாங்கிக்கொண்டான். இந்த வீட்டுச் சுவரில் அவன் பேர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சின்னவள் பழைய கம்பெனியை அழைத்தாள். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பொறுமைக்கு நன்றி. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதற்குத் தாளம்கூடப் போட ஆரம்பித்த பிறகு ஒரு பையன் குரல் வந்தது.

"அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும், மேடம்."

"நான் அவர் தங்கச்சி. இந்த வீட்ல இருக்கறது நாங்க. ஒப்பந்தம் முடிஞ்சதும் வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"சார் போன வாரமே புதுப்பிச்சுட்டாரே, மேடம்."

சின்னவளுக்குக் காது அடைத்தது. "யாரு?"

"அக்கவுண்ட் ஹோல்டர் சார். ரெண்டு வருஷத்துக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"

போனை வைத்த கையோடு அண்ணனுக்கு அடித்தாள். அண்ணனுக்கு வீட்டுப் புரோக்கர் தொழில். எந்த நேரமும் யாரையாவது எந்த வீட்டுக்காவது கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். அன்றும் பின்னணியில் காலி அறையின் எதிரொலி கேட்டது.

"ஆமா, புதுப்பிச்சேன். அவங்க கூப்பிட்டாங்க, சரின்னேன். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? ஒரு வார்த்தை கேட்டியா? இங்க லைன் நின்னு நின்னு என் பொழைப்பே போகப்போகுது!"

"கத்தாத. கஸ்டமர் பக்கத்துல இருக்காங்க. இந்த லைனை விட்டா என் மெயில் போயிடும். அது அந்தக் கம்பெனி குடுத்த மெயில். என் போர்டு, கார்டு எல்லாத்துலயும் அதான் இருக்கு. பத்து வருஷ ஆளுங்க அதுலதான் எனக்கு எழுதறாங்க."

"உன் மெயிலுக்காக நாங்க செத்த லைன்ல கிடக்கணுமா?"

"உனக்கு வேணும்னா நீ தனியா ஒண்ணு வாங்கிக்கோ. அம்மாவுக்கு என்ன? டிவி பாக்கறாங்க. அதுக்கு இது போதும்."

சின்னவள் போனைக் கட்டிலில் எறிந்தாள். எறிந்தது போதாமல் தலையணையை எடுத்து அதன்மேல் எறிந்தாள். டிவி பாக்கறாங்களாம். கூடப் பிறந்தவனுக்கு அம்மா எப்படிப் பேசுகிறாள் என்றுகூடத் தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை. சின்ன வயதில் கொஞ்சம் கை பேசினான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்துச் சிரித்தார்கள் என்று நிறுத்தினான். அதிலிருந்து எல்லாமே "நீ அம்மாகிட்டச் சொல்லிடு" தான். பரீட்சையில் தோற்றதா, நீ சொல்லிடு. பிடித்த பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறானா, நீ சொல்லிடு.

அம்மாவிடம் இதையும் அவளே சொன்னாள். அம்மா கேட்டு முடித்தாள். டிவி என்ற இடத்தில் சின்னவள் கை கொஞ்சம் தயங்கி, வேறு பக்கம் போய்விட்டது. 'உனக்கு இது போதும்னு நினைக்கறான்' என்று முடித்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றாள் அம்மா.

வந்தார்கள். அண்ணன் மணிக்கட்டில் பளபளவென்று புதுக் கடிகாரம். நடந்தால் நடையை எண்ணும், படுத்தால் தூக்கத்தை எண்ணும் என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள். "லைன் புதுப்பிச்சதுக்கு இலவசமாக் குடுத்தாங்க" என்று வாய்தவறி அவளே சொல்லவும் செய்தாள். அண்ணன் முறைத்தான். சின்னவள் அதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை பரிமாறினாள். தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மகனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவள் கையால் சொல்ல, சின்னவள் அண்ணனுக்கு வாயால் சொன்னாள்.

"இப்ப கூப்பிடு. இங்கயே. சத்தமா வை. ஒப்பந்தம் வேணாம்னு சொல்லு. போன்ல புதுப்பிச்சா ரெண்டு வாரத்துக்குள்ள வேணாம்னு சொல்லலாம். மேல்மாடிக்காரங்க சொன்னாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். "நீதான் கிளப்பி விட்டியா?"

சின்னவள், அவன் கேட்டதை அம்மாவுக்குக் கையால் சொன்னாள்.

"அவ இல்ல. நான். கூப்பிடு."

அண்ணன் அழைத்தான். ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு ஓடியது. சின்னவள் நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில், அம்மா முகம் பார்க்கும்படி உட்கார்ந்தாள். வேலையில் உட்காருவதுபோல முதுகு நேராகிவிட்டது. வேலையில் அவளுக்கு ஒரே விதிதான்: வந்த சொல் எதையும் விடக் கூடாது, வராத சொல் எதையும் சேர்க்கக் கூடாது. வைதால் வைததைச் சொல்ல வேண்டும். வீட்டில் அந்த விதியை அவள் கொண்டுவந்ததே இல்லை. இன்றைக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு பெண் குரல் வந்தது. அண்ணன் தொழில்முறைக் குரலில் குழைந்தான்.

"வணக்கம்ங்க. ஒண்ணுமில்ல, ஒரு சின்ன விஷயம். எங்கம்மா வீட்ல இருக்கற லைன். அவங்களுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. பாவம், அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது."

சின்னவளின் கைகள் ஓடின. காது கேக்காது. பேச்சு வராது. பாவம். அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. 'அவங்களுக்கு' என்ற இடத்தில் விரல் நேராக அம்மாவைச் சுட்டியது.

அம்மாவின் கண்கள் மகளின் கைகளை விட்டு நகரவில்லை.

"இப்ப ரத்து பண்ணா என் மெயில் இருக்குமா?"

"இருக்காது, சார். லைன் போனா மெயிலும் போயிடும்."

"அப்ப வேணாம், விட்டுடுங்க. அம்மாவ நான் பாத்துக்கறேன். ரத்து பண்ண முடியாதுன்னுட்டாங்கன்னு சொல்லிக்கறேன். அவங்களுக்கு எங்க தெரியப்போகுது..." பாதியில் அவனுக்கு ஏதோ உறைத்தது. பக்கத்தில் அசைந்துகொண்டிருந்த கைகளைத் திரும்பிப் பார்த்தான். "ஏய், என்ன, எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கியா?"

அதையும் சொன்னாள்.

"நிறுத்துடி!"

அதையும் சொன்னாள்.

"ஐயோ, இவ சொல்றதுல பாதி..." என்று ஆரம்பித்த அண்ணி, தன் வார்த்தையும் காற்றில் கையாகப் போவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். தம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெளி ஆட்கள் முன்னால் அவள் என்றைக்கும் குரலைக் காட்டியதில்லை. "டே!" என்பதுபோல் இருந்தது அது. போனில் அந்தப் பெண், "சார்? சார், என்ன சத்தம்?" என்றாள்.

அம்மாவின் கைகள் பேச ஆரம்பித்தன. சின்னவள் போனை நோக்கி வாயால் சொன்னாள்.

"நான் அம்மா பேசறேன். குரல் என் மகளோடது, பேச்சு என்னோடது. எனக்கு எல்லாம் புரியும். இந்த லைனுக்கு மாசாமாசம் கட்டறது நான். படம் நிக்குது. எனக்கு இந்த லைன் வேணாம்."

"மேடம், மன்னிச்சுக்கோங்க, அக்கவுண்ட் ஹோல்டர்கிட்ட மட்டும்தான் நாங்க..."

"சரி. அவன்கிட்டயே பேசுங்க. நான் சொல்றத அவன் சொல்லுவான்." அம்மா மகனைப் பார்த்தாள். "சொல்லு. எனக்கு எத்தனை பேரு வாயா இருந்திருக்காங்க. இன்னிக்கு நீ இரு. சொல்லு, லைன் வேணாம்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, என் தொழிலே அந்த மெயில்லதான்... இதுக்குப் போய் இப்படியா..." என்று தங்கையிடம் முறையிட்டான். சின்னவள் அதை அம்மாவிடம் சேர்த்தாள். கோபத்தில் அவள் தாடை இறுகியிருந்தது. ஆனால் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. அவன் சொன்னதே போதுமாக இருந்தது.

"என்னோட பேச்சு போறது ஒண்ணுமில்ல. உன் மெயில் போறதுதான் பெருசு" என்றாள் அம்மா.

அதற்குள் போனிலிருந்த பெண் மெல்லச் சொன்னாள். "சார், நீங்க வேணும்னா லைனை வேற முகவரிக்கு மாத்திக்கலாம். ஒப்பந்தம் அப்படியே இருக்கும். மெயிலும் இருக்கும்."

சின்னவள் சொல்லி முடிக்கும் முன்னே அம்மாவின் கை எழுந்துவிட்டது. "மாத்து. அவன் வீட்டுக்கு மாத்து. பணமும் அவனே கட்டட்டும்."

"நம்ம வீட்லதான் ஏற்கனவே லைன் இருக்கே!" என்று அண்ணி பதறினாள்.

"அப்ப ரெண்டா இருக்கட்டும். ஒண்ணுல படம் பாரு, இன்னொண்ணுல மெயில் பாரு."

அண்ணன் மாற்றினான். போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டினான். வாசலில் நின்று, "பெத்த பிள்ளைய இப்படி அசிங்கப்படுத்தணுமா, அதுவும் கம்பெனிக்காரி முன்னால?" என்றான். சின்னவள் அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கையால் பேசுகிறவர்கள் பார்க்காவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதுக் கம்பெனியின் கடை கண்ணாடியும் வெள்ளை விளக்குமாக இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கிய விற்பனையாளர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேள்வியெல்லாம் சின்னவளிடம் கேட்டார்.

"லைன் யார் பேர்ல?"

"என் பேர்ல" என்று அம்மா கையால் சொல்ல, சின்னவள் வாயால் சொன்னாள்.

"அதான், உங்க பேர்ல."

"என் பேர்ல இல்லைங்க. அவங்க பேர்ல. அவங்கதான் பேசறாங்க. அவங்க முகத்தைப் பாத்துக் கேளுங்க."

விற்பனையாளர் சங்கடமாக அம்மாவைப் பார்த்தார். "அதுல ஒரு சிக்கல் இருக்கு. உறுதிப்படுத்த ஒரு கால் வரும். மெஷின் கேக்கும். 'ஆமா'ன்னு வாயால சொல்லணும். பேசாம உங்க பேர்ல போட்டுடுங்களேன், எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பு. அதே வார்த்தை. சின்னவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதைச் சொல்லும்போது அவள் கைகள் வெட்டுவதுபோல அசைந்தன. அம்மா மட்டும் நிதானமாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கால் வரட்டும். நான் சொல்றேன்."

கால் வந்தது. மெஷின் கேட்டது. சின்னவள் சைகை காட்டிய நொடியில் அம்மா போனுக்குள் தன் குரலில் "ஆமா" என்றாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புரியவில்லை, மறுபடி சொல்லவும் என்றது மெஷின். அம்மா மறுபடி சொன்னாள். புரியவில்லை. இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. புரியவில்லை, நன்றி என்று மெஷின் வைத்துவிட்டது. அம்மா திரும்பவும் போடச் சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. சத்தத்தில் உள்ளறையிலிருந்து மேலாளர் வந்தார். என்னவென்று கேட்டுவிட்டு, கணினியில் குனிந்து எதையோ ஒன்றைத் தட்டினார். அம்மாவின் செல்போன் பையில் அதிர்ந்தது. உறுதி செய்ய ஒரு எண், குறுஞ்செய்தியாக.

"காலுக்குப் பதிலா இப்படியும் அனுப்பலாம்" என்றார் மேலாளர்.

"இது எப்பத்திலேருந்து இருக்கு?" சின்னவளின் குரல் அவளையறியாமல் உயர்ந்தது.

"ஆரம்பத்துலேருந்தே இருக்குங்க."

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். இதைச் சொல்வதற்கு மட்டும் அவள் கை எழவில்லை. அம்மா அவள் முட்டியைத் தட்டி, "சொல்லு" என்றாள். சொன்னாள். அம்மா மேலாளரையும் விற்பனையாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த எண்ணைத் தானே தட்டச்சு செய்து, தன் பேரைத் தானே எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள். வெளியே வந்து, தெருமுனையில், "பட்டன் இருந்திருக்கு. அமுக்கத்தான் ஆள் இல்ல" என்றாள்.

லைன் போட ஆள் வந்த அன்று வீடெல்லாம் சுவர்த் தூசி. துளைக்கும் சத்தத்தில் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா அதிர்வை மட்டும் உணர்ந்து சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரும்பி மகளிடம் கேட்டாள்.

"அன்னிக்கு ஒண்ணுகூட விடாம சொன்ன. அதுக்கு முன்னால எத்தனை விட்ட?"

சின்னவள் எதிர்பார்க்கவில்லை. "என்ன?"

"அவன் பேசுவான். நீ எனக்குச் சொல்லுவ. அவன் வாய் நீளமா அசையும், உன் கை சின்னதா அசையும். நான் குருடி இல்ல. ஆனா இவ்வளவு இருக்கும்னு நினைக்கல. எத்தனை?"

"நிறைய."

"எதுக்கு?"

"உனக்கு வலிக்கும்னுதான்..."

"வலிக்குதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்!" அம்மாவின் கைகள் ஒன்றோடொன்று அறைந்து சத்தம் போட்டன. "அவன் என் பேரை எடுத்துக்கிட்டான். நீ என் காதையே எடுத்துக்கிட்ட. அவன் என்னைப் பத்தி இப்படித்தான் பேசறான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா, அப்பவே ரெண்டு அறை விட்டிருப்பேன். ஒருவேளை அவனும் திருந்தியிருப்பான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு பொம்மையா உக்கார வெச்சிருக்கீங்க."

"அவனையும் என்னையும் ஒண்ணா சேர்க்காத!" சின்னவளுக்கும் பொங்கிவிட்டது. "யாரு உன்கூட இருக்கா? யாரு எல்லா இடத்துக்கும் வர்றா? சின்னப் பிள்ளையா இருக்கறப்ப கறிக்கடைக்காரன் உன்னத் திட்டினதை நான் உன்கிட்ட எப்படிச் சொல்லியிருக்க முடியும்? எட்டு வயசுல?"

"எட்டு வயசுல சரி. இப்ப?"

ஏணியில் நின்ற ஆள், இரண்டு பெண்களின் கைகள் காற்றைக் கிழிப்பதைப் பார்த்து, துளைப்பானை நிறுத்திவிட்டு, "டப்பாவை எங்கங்க வைக்கறது?" என்று பயந்தபடி கேட்டான். ஒருத்தி இந்தச் சுவரையும் ஒருத்தி எதிர்ச் சுவரையும் காட்டினார்கள். அவன் வீட்டுக்காரி யார் என்று ஊகித்து அம்மா காட்டிய இடத்தில் வைத்தான்.

லைன் நன்றாகவே ஓடியது. சின்னவளுக்கு வேலை தடையில்லாமல் நடந்தது. அம்மா மட்டும் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைப்பாள், பார்க்க மாட்டாள். சின்னவள் எதிரில் போய் நின்றால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். வாயால் பேசுகிறவர்கள் வீட்டில் கோபம் வந்தால் சத்தம் கூடும். அந்த வீட்டில் முகம் திரும்பிவிடும். முதலில் சின்னவளும் பார்க்காமல் இருந்தாள். பிறகு ஒரு நாள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அம்மாவை நிமிர வைத்து, "இனிமே எல்லாத்தையும் சொல்றேன். உனக்குப் பிடிக்காதது, எனக்குப் பிடிக்காதது, எல்லாம்" என்றாள். அம்மா பார்த்தாள். சரியென்றோ மாட்டேனென்றோ சொல்லவில்லை. ஆனால் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் அம்மாவின் திரையில் ஒரு அழைப்பு வந்தது. அண்ணன். அவன் ஒருபோதும் அம்மாவை நேராக அழைத்ததில்லை. வழக்கமாக அழைப்பது தங்கையைத்தான். சின்னவள் பழக்கத்தில் நாற்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டாள். திரையில் அண்ணனின் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. கையைத் தூக்கினான். பள்ளிக்கூடப் பையனின் சைகைகள், பாதி மறந்து, பாதி தப்பாக. 'அம்மா', பிறகு ஏதோ ஒன்று, பிறகு 'கோபம்'. அவன் கோபமா அம்மா கோபமா என்று புரியவில்லை. அது என்ன என்று எடுத்துக்கொடுக்க சின்னவள் கையைத் தூக்கினாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"நீ வெளிய போ. நாங்க பேசிக்கறோம்."

"அவனுக்கு ஒழுங்கா வராதும்மா. தப்பாச் சொல்லுவான்."

"தப்பாவே சொல்லட்டும். போ."

சின்னவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கோபம்தான் வந்தது, இவ்வளவுக்குப் பிறகும் தன்னை வெளியே அனுப்புகிறாளே என்று. கதவில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டு என்ன பயன்? அம்மாவின் கைகள் சட்டையில் உரசும் சத்தம், ஒரு முறை மேசையில் அடி. அண்ணன் பழக்கதோஷத்தில் வாயாலும் சொல்லிவிடுகிற ஓரிரு சொற்கள்: "என்ன? திரும்பச் சொல்லு... மெதுவா, மெதுவா... இல்லம்மா..." பிறகு வெகுநேரம் அவன் குரலே இல்லை.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கதவை விட்டு நகர்ந்து தன் அறைக்குப் போய், கருநீலத் துணியின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அடுத்த அழைப்புக்கு உட்கார்ந்தாள்.